இரும்புக்கை எந்தக் கை?

பந்தயத்தில் தோற்றது நான்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு தட்டு அத்தோ, ஒரு முட்டை மசாலா, கூடவே வாழைத்தண்டு சூப். செகண்ட் லைன் பீச்சில் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் நின்று காசை எண்ணிக் கொடுத்தபோது தோற்றது பெரிதாகத் தெரியவில்லை. கிட்டத்தட்ட நாற்பது வருடமாக ஒரு காமிக்ஸ் படத்தைத் தப்பாகவே ஞாபகம் வைத்திருந்தேன் என்பதுதான் உறைத்தது.

போன ஜனவரியில், நந்தனம் புத்தகக் கண்காட்சியிலிருந்து மெட்ரோவில் திரும்பிக்கொண்டிருந்தேன். எனக்குக் காலடிப்பேட்டை. விம்கோ நகர் வரை தண்டவாளம் போட்ட பிறகு எங்களுக்கெல்லாம் கண்காட்சி பக்கத்து ஊராகிவிட்டது. நந்தனத்தில் ஏறினால் இறங்கி மாற வேண்டியதில்லை. அதற்கு முன்பெல்லாம் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பாரிமுனையில் இறங்கி, இன்னொரு பஸ்ஸுக்கு அடித்துப்பிடித்து ஏறி, வீட்டுக்கு வருவதற்குள் பையின் காது அறுந்திருக்கும்.

எதிர் இருக்கையில் ஒரு பையன். இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். வீட்டுக்குப் போகும்வரை பொறுக்காமல் பையைப் பிரித்து ஒரு காமிக்ஸை எடுத்து வைத்துக்கொண்டான். இரும்புக்கை மாயாவி, மறுபதிப்பு. அவன் அதைப் படிக்கவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் வசன பலூன்களைக் கட்டைவிரலால் மறைத்து மறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏன் தம்பி, எழுத்தை மறைச்சுப் பாக்குறீங்க?"

"படம் மட்டுமே கதையச் சொல்லுதான்னு பாக்குறேன்க்கா."

என் வயதைக் கணக்குப் போட்டு ஆன்ட்டி என்று கூப்பிடாததற்காகவே அவனோடு பேசலாம் என்று தோன்றியது. நான் மாயக்கதை எழுதுகிறவள் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கும். பகலில் லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் பில் போடுகிறேன். ராத்திரியில் பேசும் மரங்களையும் நடக்கும் கோபுரங்களையும் பற்றி எழுதுகிறேன். சிறுபத்திரிகைகளில் நாலைந்து கதைகள் வந்திருக்கின்றன. அந்தப் பையன் ஆண்டர்சன் தெருப் பக்கம் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறவன். மிச்ச நேரத்தில் தானே எழுதித் தானே வரைகிறான், அதிலும் மாயக்கதைதான். சென்ட்ரல் வருவதற்குள் இவ்வளவும் பேசியாகிவிட்டது.

அப்புறம்தான் நான் வாயை விட்டேன். மூன்றாம் வகுப்பு படிக்கும்போது சிகரெட் பெட்டியில் வரும் ஈயத்தாளைச் சேர்த்து வைத்து, இடது கை முழுக்கச் சுற்றிக்கொண்டு, மாயாவி மாதிரி மொட்டைமாடியில் திரிந்ததைச் சொன்னேன்.

"இடது கையா? அது வலது கையாச்சேக்கா."

"போப்பா. மனப்பாடமா படிச்சவ நான்."

புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு சிரித்தான். "பெட்டா?" என்றான். புத்தகத்தைக் கையில் வைத்திருக்கிறவனிடம் பந்தயம் கட்டிய முட்டாள் தமிழ்நாட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். திறந்து காட்டினான். வலது கை. அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம், எல்லாவற்றிலும் வலது கைதான். விபத்தில் வலது கையை இழந்து, அதற்குப் பதிலாக உருக்குக் கை பொருத்திக்கொண்டவன் அவன். கதையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் காரணம் புரிந்தது. நான் பீச்சாங்கைக்காரி. எழுதுவது, எறிவது, எல்லாம் இடது. பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து, விளிம்பால் இடது கை முட்டியில் அடிப்பார். அம்மா சாப்பாட்டுத் தட்டை வலது பக்கமாக நகர்த்தி நகர்த்தி வைப்பாள். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தது. அதற்கு முந்தின வருடமோ என்னவோ, மாமா அங்கிருந்து பழைய காமிக்ஸை ஒரு கட்டாக வாங்கி வந்தார். எல்லோரும் அடிக்கிற கையே ஒருவனுக்குப் பெரிய ஆயுதமாக இருந்ததை அந்தக் கட்டில்தான் பார்த்தேன். பார்த்தேனா, பார்த்ததாக வைத்துக்கொண்டேனா? படத்தைக் கண்ணாடியில் போட்டுத் திருப்பிக்கொண்டது நான்தான்.

மின்சாரம் பட்டால் மாயாவியின் உடம்பு மறைந்துவிடும், கை மட்டும் தெரியும். நானும் கம்பியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று யோசித்ததுண்டு. நல்லவேளை, அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம்.

இந்தக் கதை 1962இல் இங்கிலாந்தில் வேலியன்ட் என்ற வாராந்தரச் சிறுவர் இதழில் தொடங்கியது. வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர். பத்து வருடம் கழித்து, 1972இல், சிவகாசியில் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக இதைத்தான் போட்டது. ஸ்பெயின்காரர் ஒருவர் லண்டனுக்காக வரைந்த கை சிவகாசிக்கு வந்து தமிழ் கற்றுக்கொண்டு, மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகமாகக் கிடந்து, தண்டையார்பேட்டை மொட்டைமாடியில் ஒரு பெண்பிள்ளையின் இடது கையில் ஈயத்தாளாக ஒட்டிக்கொண்டது. தாக்கம், தாக்கம் என்று இலக்கியக் கூட்டங்களில் பேசுகிறார்களே, எனக்குத் தெரிந்து அது இப்படித்தான் பயணம் செய்கிறது. வரும் வழியிலேயே கை மாறிவிடுகிறது.

தண்டையார்பேட்டை வரை வண்டி பூமிக்கடியில் போகும். அதைத் தாண்டியதும் மேலே ஏறிப் புது வண்ணாரப்பேட்டையில் வெளிச்சத்துக்கு வரும். பாதாளத்திலிருந்து எழும்பி வருகிற மாதிரி இருக்கும். தினமும் போகிறவர்கள் யாரும் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை. அந்த இடம் வந்ததும் நாங்கள் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தோம். சொல்லி வைத்தாற்போல ஒரே நேரத்தில். சரி, இவன் நம்ம ஆள்தான் என்று எனக்கு முடிவானது அப்போதுதான்.

காலடிப்பேட்டையில் நான் இறங்கவில்லை. பேச்சு சுவாரஸ்யத்தில் அவனுடைய ஸ்டேஷனான தேரடி வரை போய், அங்கிருந்து நடந்து திரும்பினேன். (காலடி என்றதும் ஏதோ சாமியின் பாதம் என்று நினைப்பார்கள். காலெட் என்ற வெள்ளைக்கார கவர்னர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெசவாளர்களைக் குடியேற்றிய இடம் அது. காலெட்பேட்டை நம் வாயில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. மாயக்கதை எழுதுகிறவர்கள் ஊர்ப்பெயர் கண்டுபிடிக்க எவ்வளவோ மெனக்கெடுகிறோம். ஜனங்கள் காதில் தப்பாக வாங்கியே அழகாக வைத்துவிடுகிறார்கள்.)

அதற்குப் பிறகு சனிக்கிழமை சாயந்திரங்களில் சந்திக்க ஆரம்பித்தோம். என் ஆபீஸும் அவனுடைய அச்சகமும் நடக்கிற தூரம்தான். பந்தயக் கடனைத் தீர்த்த இடமே எங்கள் இடமாகிவிட்டது. பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கூடவே கொண்டுவந்த சாப்பாடு அத்தோ. நூடுல்ஸில் முட்டைக்கோஸும் வறுத்த வெங்காயமும் போட்டு, புளித்தண்ணீர் ஊற்றி, பேஜோவை நொறுக்கி, கையாலேயே பிசைந்து தருவார்கள். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்று பேசினால் கதை நன்றாக வரும் என்பது என் மூடநம்பிக்கை.

எங்கள் இரண்டு பேருக்கும் இருபது வருட வித்தியாசம். அவன் செல்போனில் ஜப்பானிய மாங்கா காமிக்ஸ் படித்து வளர்ந்தவன். நான் இருட்டில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மயானக் கொள்ளை பார்த்து வளர்ந்தவள். எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று நினைத்தேன். ஆனால் அவன் பாட்டி அம்புலிமாமாவைப் பைண்டு செய்து அலமாரியில் வைத்திருந்தாளாம். முழுப்பரீட்சை லீவு முழுக்க அதுதானாம். வேதாளம் என்று ஆரம்பித்தால் போதும், எங்கள் தட்டில் அத்தோ நனைந்து ஊறிப்போகும்.

ராஜா, தோளில் பிணம், கையில் கத்தி, சுற்றிலும் சுடுகாடு. அம்புலிமாமா பார்த்த யாருக்கும் அந்தப் படம் மறக்காது. வரைந்தவர் ஓவியர் சங்கர். முழுப்பெயர் சிவசங்கரன், 2020இல் மறைந்தார், அடுத்த வருடம் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அவர் சின்ன வயதில் படித்தது முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில். நாங்கள் நின்று சாப்பிடுகிற இடத்திலிருந்து பொடிநடையாகப் போய்விடலாம். இதைச் சொன்னதும் பையன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

"நம்ம ஏரியாக்காரராக்கா?"

"கொங்கு நாட்டுல பொறந்தவர். படிச்சது இங்க."

"அப்ப நம்ம ஏரியாதான்."

வடசென்னைக்காரர்களுக்கு இந்த ஆசை கொஞ்சம் அதிகம். வெளியிலிருந்து வருகிறவர்கள் எங்களைச் சினிமாவில் அரிவாளோடுதான் காட்டுவார்கள். ஆகவே எங்கள் தெருவில் யாராவது தூரிகையோடு நடந்து போயிருந்தால் விடமாட்டோம். அந்த ஆசைக்கு இன்னொரு தீனியும் போட்டேன். அம்புலிமாமாவுக்கு முன்பே விக்கிரமாதித்தனைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனவை பெரிய எழுத்துப் புத்தகங்கள். வயதானவர்களும் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களும் வாசிக்கத் தோதாகப் பெரிய அச்செழுத்து, நடுநடுவே கோட்டுப் படங்கள். பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை, அல்லி அரசாணி மாலை எல்லாம் போட்ட இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் இருந்தது கொண்டித்தோப்பில். அதற்கும் முந்திய காலத்தில் பார்க் டவுன் பக்கத்து குஜிலிக் கடைகளில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் கொலைச் சிந்தும் பேய்க்கதையும் விற்றிருக்கிறார்கள். மாயக்கதையை நாங்கள் வெளிநாட்டிலிருந்து தருவித்தோம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கொண்டித்தோப்பு வழியாக ஒருமுறை நடந்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

ஒரு சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. வேதாளம் ஏன் முருங்கைமரத்தில் தொங்க வேண்டும்? சமஸ்கிருத மூலத்தில் அது சிம்சபா மரம். தமிழுக்கு வந்ததும் முருங்கையாகிவிட்டது. முருங்கைக் கிளையில் ஒரு பூனை ஏறினாலே ஒடியும். அதில் பிணத்தைக் கட்டித் தொங்கவிட்டு, வேதாளத்தையும் உட்கார வைத்து, ராஜாவையும் ஏறச் சொன்னால்? பையனிடம் கேட்டேன். அவன் யோசிக்கவே இல்லை. "சங்கர் வரைஞ்ச மரத்த முருங்கைன்னு எழுதாம விட்டா யாரும் நம்பமாட்டாங்கக்கா. முருங்கைன்னு எழுதிட்டு ஆலமரம் மாதிரி வரையலாம். எழுத்து ஒண்ணு சொல்லும், படம் ஒண்ணு சொல்லும். ரெண்டும் ஒண்ணையே சொன்னா எதுக்கு ரெண்டு?"

இந்தக் கடைசி வரி பிறகு எனக்கே திரும்பி வந்தது. சொல்கிறேன்.

ஒரு சனிக்கிழமை அவனுக்கு ஆக்ஸ்போர்டு கதையைச் சொன்னேன். இங்கிலீஷில் மாயக்கதை எழுதிய டோல்கீனும் லூயிஸும் 1926இல் அங்கே சந்தித்தார்கள். இரண்டு பேரும் வாத்தியார்கள். டோல்கீன் ஐஸ்லாந்துப் பழங்கதைகளை மூலமொழியிலேயே படிப்பதற்கு ஒரு குழு வைத்திருந்தார். அதன் பெயருக்குக் கரியைக் கடிக்கிறவர்கள் என்று அர்த்தம், அதாவது குளிருக்குப் பயந்து அடுப்பை ஒட்டியே உட்கார்ந்திருப்பவர்கள். லூயிஸ் அதில் போய்ச் சேர்ந்தார். வட ஐரோப்பியப் புராணங்களின் மேல் இரண்டு பேருக்கும் தீராத மோகம். லூயிஸுக்கு அது எங்கிருந்து வந்தது தெரியுமா? பையனாக இருந்தபோது ஒரு பத்திரிகையில் ஆர்தர் ராக்கம் வரைந்த படம் ஒன்றைப் பார்த்தார். சீக்ஃப்ரீட் கதைக்கான படம். அந்தக் கதை அவருக்குத் தெரியாது. ஒரு தலைப்பு, ஒரு படம், அவ்வளவுதான். அதிலேயே விழுந்துவிட்டார். அவர் எழுதிய நார்னியா கதையும் அப்படித்தான் ஆரம்பித்தது. குடை பிடித்துக்கொண்டு, கையில் பொட்டலங்களோடு, பனிக்காட்டில் நடந்துவரும் ஆட்டுக்கால் மனிதன் ஒருவன் அவர் மனதில் பதினாறு வயதிலிருந்தே இருந்தான். நாற்பது வயதில்தான் அவனுக்கு ஒரு கதை எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தார். டோல்கீன் தன் பெரிய கதைக்கு முதலில் வரைபடத்தைப் போட்டுக்கொண்டு, அதற்குத் தகுந்தபடி கதையை நடத்தினார்.

"ரெண்டு பேரும் சண்டை போட்டாங்களா?"

"டோல்கீனுக்கு நார்னியா பிடிக்கவே இல்ல."

"ஒரே படத்தப் பாத்து வளந்தவங்கதானே?"

அதுதான் விஷயம். ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தால் ஒரே ருசியில் குழம்பு வைப்பார்கள் என்று யார் சொன்னது? ஒன்றாக ரசிப்பதற்குப் பழைய புத்தகம் போதும். சேர்ந்து வேலை செய்ய ஆரம்பித்தால்தான் யார் எந்தக் கையால் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியவரும். எங்களுக்கும் ஏப்ரலில் தெரிந்துவிட்டது.

இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கதை செய்யலாம் என்று முடிவு செய்திருந்தோம். நான் எழுத, அவன் வரைய. கரு எங்கள் கண்ணெதிரே இருப்பதுதான். சென்னைத் துறைமுகம் கட்ட ஆரம்பித்தது 1870களில். கடலுக்குள் நீண்ட சுவர் நிற்பதால், வருடத்தில் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தங்கிவிடும். தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே வரவேண்டிய மணல் வராததால் கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. மெரினாவில் சுண்டல் சாப்பிடுகிறவர்களின் காலடியில் இருப்பது எங்கள் மண் என்று மாமா சொல்வார். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கரையோரமாகக் கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே எந்தக் கிழவியைக் கேட்டாலும் கடலைக் காட்டி, "அதோ அங்கதான் எங்க வூடு இருந்துச்சு" என்பாள். சும்மா சொல்வது போலச் சொல்வாள். கேட்கும்போது எனக்கு முதுகு சில்லிடும்.

எங்கள் கதை இதுதான். கடலுக்குள் போன ஒரு தெரு கீழே அப்படியே இருக்கிறது. அங்கே விளக்கு எரிகிறது, வாசலில் கோலம் போடுகிறார்கள். மேலே ஒரு வீட்டில் கல்யாணம். அந்தத் தெரு சொந்தக்காரர்களுக்கும் பத்திரிகை வைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் குறை சொல்வார்கள். மணப்பெண்ணின் தங்கை தாம்பாளத்தில் பத்திரிகை, வெற்றிலை பாக்கு எல்லாம் எடுத்துக்கொண்டு அமாவாசை இரவில் கல்லைத் தாண்டி இறங்குகிறாள். கல்யாணப் பத்திரிகை அவன் தொழிலிலிருந்து வந்தது. கடல் என்னுடையது.

அவள் இறங்குகிற காட்சியை மூன்று பக்கம் எழுதினேன். சொன்னால் தற்பெருமை, ஆனால் நன்றாகத்தான் எழுதியிருந்தேன். பாசி எப்படி வழுக்கியது, தண்ணீர் கணுக்காலில் எவ்வளவு சில்லென்று இருந்தது, தூரத்தில் கப்பல் விளக்குகள் எப்படி மினுங்கின, எல்லாம் இருந்தன. அடுத்த சனிக்கிழமை அவன் அதை நான்கு கட்டங்களில் வரைந்து கொண்டுவந்தான். முதலாவதில் கல்லின் மேல் கால். இரண்டாவதில் தண்ணீருக்கு மேல் தாம்பாளம் மட்டும். மூன்றாவது வெறும் கறுப்பு. நான்காவதில் ஒரு கதவு. என் மூன்று பக்கத்திலிருந்து ஒரு வார்த்தைகூட இல்லை.

"எழுத்து எங்கப்பா?"

"எழுத்து வேணாம்க்கா. படத்துலயே வந்துடுச்சு."

அழாத குறை. பில் போடுகிற ஆபீஸில் எனக்கு மேலே இருப்பவர்கள் என் கணக்கைச் சிவப்பு மையால் கிழித்திருக்கிறார்கள், அதற்கெல்லாம் வலித்ததில்லை. இரண்டு வாரம் அத்தோ பக்கமே போகவில்லை. மூன்றாவது வாரம் அவனே ஆபீஸ் வாசலில் வந்து நின்றான். கையில் பென்சில்.

ஜப்பானில் மியாசாகி என்ற இயக்குநர் முழுத் திரைக்கதை எழுதி முடிப்பதற்கு முன்பே கட்டம் கட்டமாக ஸ்டோரிபோர்டு வரையத் தொடங்கிவிடுவார் என்று ஆரம்பித்தான். அது அவர் ஒருவரே எழுதி அவரே வரைகிற கதை, இங்கே எழுதுகிறவள் தனியாக உயிரோடு நிற்கிறாள் என்றேன். சிரித்துவிட்டான். அப்புறம் சொன்னான். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே வெள்ளையாக ஒரு சந்து இருக்கிறதே, காமிக்ஸ்காரர்கள் அதைக் கட்டர் என்பார்களாம்.

"சாக்கடையா?"

"ஆமாக்கா, அதே கட்டர்தான்."

எங்கள் பகுதியில் கட்டர் என்றால் மூக்கைப் பிடித்துக்கொள்வோம். அதற்குள்தான் காமிக்ஸின் உயிரே இருக்கிறது என்றான். முதல் கட்டத்தில் ஓங்கிய கை, அடுத்த கட்டத்தில் அலறல். அடி விழுந்தது எங்கே? அந்தச் சந்தில். அடித்தது யார்? படிக்கிறவர். மாயாவியின் உடம்பு மறைந்து கை மட்டும் மிதக்கும்போது பிளாஸ்கோ மிச்ச இடத்தில் எதையும் வரைவதில்லை. அந்த உடம்பைப் படிக்கிறவர்தான் வரைந்துகொள்கிறார்.

அவன் பேசிக்கொண்டே போக, எனக்குப் பட்டினத்தார் ஞாபகம் வந்தார். எங்கள் ஊர்ச் சாமியார். திருவொற்றியூர்க் கடற்கரையில் அவருக்குச் சமாதிக் கோயில் இருக்கிறது. சின்ன வயதில் வெள்ளிக்கிழமைகளில் ஆயா கூட்டிப்போவாள். அவர் கடற்கரையில் பையன்களோடு விளையாடுவாராம். கூடையைப் போட்டு என்னை மூடுங்கள் என்பாராம். மூடிவிட்டுத் திறந்தால் ஆளைக் காணோம், வேறோர் இடத்திலிருந்து சிரித்துக்கொண்டு வருவாராம். திரும்பவும் மூடுவார்கள், திரும்பவும் வேறு பக்கமிருந்து வருவார். கடைசியாக ஒருநாள் மூடித் திறந்தபோது அங்கே லிங்கம் இருந்தது. ஆயா இதைச் சொல்லும்போது முந்தானையை என் முகத்தின் மேல் போட்டு எடுப்பாள். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அவள் முகம் வேறு மாதிரி இருக்கும். கூடைக்குள் என்ன நடந்தது என்று ஆயா சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை.

"கூடைதான் கட்டர்" என்று பையனிடம் சொன்னேன்.

அவன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். தேரடியில் வளர்ந்தவன், அவனும் அந்தக் கோயிலுக்குப் போனவன்தான். அவனுடைய பாட்டி சொன்ன கதையில் கூடை இல்லையாம், பானையாம்.

அதோடு சண்டை முடிந்துவிடவில்லை. முறை மாறி இப்போது நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். நான்காவது கட்டத்துக் கதவு திறந்ததும் ஐந்தாவதில் ஒரு கிழவியை முழுதாக வரைந்து வைத்திருந்தான். கடலுக்குள் இருக்கிறவள். கண் குழிந்து, முடியில் பாசி தொங்கி, பல் நீண்டு, மாங்காவில் வருகிற பேய் மாதிரியே பயங்கரமாக. கூடையைத் திறந்து உள்ளே இருந்ததைக் காட்டிவிட்டாயே என்றேன். அவளுக்கு முகமே வேண்டாம் என்றேன். முகம் இல்லாவிட்டால் பத்திரிகையை யாரிடம் கொடுப்பது என்றான். நியாயமான கேள்விதான். கிழவி பேய் கிடையாது. அவள் சொந்தக்காரி. கல்யாணத்துக்கு அழைக்கப் போகிற வீட்டில் சித்தியைப் பல் நீட்டி வரையலாமா? அதே சமயம் மேலே இருக்கிற மனுஷி மாதிரியும் இருக்கக் கூடாது. மூன்று சனிக்கிழமை இதிலேயே போனது. தினத்தந்தியில் கன்னித்தீவு நீள்வது மாதிரி நீண்டது. லைலாவுக்காவது ஒருநாள் விடிவு வரும், எங்கள் கிழவிக்கு வராது போலிருந்தது.

வழி கிடைத்தது அவனுடைய அச்சகத்தில். ஆபீஸ் முடிந்து அவனைக் கூப்பிடப் போயிருந்தேன். முகூர்த்த மாசம், மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. மல்டிகலர் பத்திரிகை என்றால் நான்கு பிளேட். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. ஒரே தாளில் நான்கு தடவை மை விழும். நான்கும் ஒன்றன்மேல் ஒன்று கச்சிதமாக உட்கார வேண்டும். தாளின் ஓரத்தில் வட்டத்துக்குள் ஒரு கூட்டல் குறி போட்டிருப்பார்கள், நான்கு நிறக் குறிகளும் ஒன்றாகத் தெரிந்தால் சரி. மயிரிழை விலகினாலும் ரிஜிஸ்டர் அவுட். அன்றைக்கு ஒரு கட்டு அப்படி விலகிவிட்டது. பத்திரிகையில் அச்சான பிள்ளையாருக்குப் பக்கத்திலேயே இன்னொரு பிள்ளையார், நீலமாக, மங்கலாக நின்றுகொண்டிருந்தார். மெஷின்மேன் திட்டிக்கொண்டே கட்டை ஓரமாக வீசினார்.

நான் அதில் ஒன்றை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பழைய மலிவு அச்சுக் கதைப் புத்தகங்களில் நாயகியின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் உட்கார்ந்திருக்கும். வாளின் நிறம் வாளுக்கு வெளியே கிடக்கும். சின்ன வயதில் அதைத் தப்பு என்று நினைத்ததில்லை. உயிர் உடம்பை விட்டு லேசாக விலகி நிற்பதாக நினைத்துக்கொள்வேன். அதை அவனிடம் சொல்ல வாயெடுத்தேன். அவன் ஏற்கெனவே என் கையிலிருந்து தாளைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தான்.

"கிழவிய ரிஜிஸ்டர் அவுட்ல அடிக்கலாம்க்கா."

அப்படியே செய்தோம். கடலுக்குக் கீழே இருக்கிறவர்கள் எல்லோருக்கும் கோடு ஓரிடத்தில், நிறம் ஓரிடத்தில். கிழவி சாதாரணக் கிழவிதான். மூக்குத்தி, பாம்படம், வெற்றிலைக் கறை எல்லாம் உண்டு. பல் சாதாரணப் பல். ஆனால் அவளுடைய நீலம் அவளைவிட்டு ஒரு நூல் தள்ளி நிற்கிறது. தாளைக் கையில் வைத்துப் பார்த்தால் கண் கூசும், நம் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று தோன்றும். அந்தப் பக்கங்களில் என் எழுத்துக்கும் இடம் கிடைத்தது. படம் இறங்கிப்போகிறதைக் காட்டுகிறது, எழுத்து அதைச் சொல்லவே இல்லை. மேலே கல்யாண வீட்டில் யார் யாரைக் குறை சொன்னார்கள், எந்த அத்தை கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனாள் என்று அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறது. முருங்கைக்கு அவன் சொன்னானே, அந்தக் கணக்கு. ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தாலும் என் மூன்று பக்கப் பாசியைவிட இது நன்றாக இருக்கிறது.

போன வாரம் முதல் பதினாறு பக்கத்துக்கு ப்ரூஃப் எடுத்தான். அத்தோ கடை டியூப்லைட் வெளிச்சத்தில், எண்ணெய் படாமல் தூரப் பிடித்துக்கொண்டு, புரட்டிக்கொண்டே வந்தேன். பதினோராம் பக்கத்தில் நிறுத்தினேன். வாசலில் பெண் நிற்கிறாள். கிழவி எதிரே. தாம்பாளம் இடுப்பில் அணைத்தபடி, பத்திரிகையை நீட்டுகிறாள், இடது கையால்.

"தம்பி, யாராவது பீச்சாங்கையில பத்திரிகை வைப்பாங்களா? அந்தக் கெழவி மூஞ்சில விட்டெறிவா."

அவன் பேஜோவை நொறுக்கி வாயில் போட்டுக்கொண்டான்.

"அவங்க தண்ணிக்குள்ள இருந்துதானேக்கா பாக்குறாங்க. அவங்களுக்கு அது சோத்தாங்கைதான்."

நான் ப்ரூஃபை மடிக்காமல் பைக்குள் வைத்தேன். அன்றைக்கும் காசு நான்தான் கொடுத்தேன்.